பனியடித் தொல்லேரி: கரையில்லாத ஏரிக்கு ஒரு பெயர்

2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் இறங்கிய வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. 'பனிப்பாறை ஏரி' என்ற சொல் அப்போது நம் செய்திகளில் நிறைய அடிபட்டது. அந்த ஏரி, மலைச்சரிவில் மெல்ல நகரும் பனித்திரளான பனியாற்றுக்கு முன்னால், திறந்த வானத்தின் கீழ் கிடக்கிறது. பனிக்கு அடியில் கிடக்கும் ஏரி வேறு வகை. அதையும் பனிப்பாறை ஏரி என்றே எழுதிவிட்டால், எது மேலே, எது கீழே என்று வாசகருக்குத் தெரியாமல் போகும். அந்தப் பனியே உருகி மறைந்து, ஏரியும் வடிந்து, தடம் மட்டும் மிஞ்சியிருந்தால்? அதற்கு அறிவியலார் வைத்த பெயர் 'பேலியோ சப்கிளேசியல் லேக்'. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பிரித்துப் பார்த்தால் எளிது. 'பேலியோ' கிரேக்கத்திலிருந்து வந்தது. பழைய என்று பொருள். 'சப்' லத்தீன், அடியில். 'கிளேசியல்' என்பதற்குள் இருப்பது பனிக்கட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல். 'லேக்'கின் வேரும் லத்தீன்தான்.

தமிழில் முதல் சிக்கல் 'பனி'. நமக்குப் பனி என்றால் புல் நுனியில் நிற்கும் துளி, விடியற்கால மூட்டம், குளிர். முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் வைத்தோம். 'மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்றோம். கண் பனித்தது என்றால் அது கண்ணீர். சமவெளிக்காரர்கள் கையில் எடுத்துப் பார்த்த பனிக்கட்டி வானத்திலிருந்து விழுந்த ஆலங்கட்டி மட்டும்தான். அதன் பழைய பெயர் ஆலி. 'ஆலியடி ஏரி' என்று தனித்தமிழ் ஆர்வத்தில் எழுதலாம், ஆனால் யாருக்கும் புரியாது. உறைபனி என்ற சொல்லை ஊட்டிப் புல்வெளி எடுத்துக்கொண்டுவிட்டது. ஆக, பனித்துளிக்கும் 4 கிலோமீட்டர் தடிமனான பனிக்கும் நம்மிடம் இருப்பது ஒரே பனிதான். கண்டத்தையே மூடும் பனியைப் பனிப்படலம் என்கிறார்கள். படலம் என்றதும் எனக்குக் கண்ணில் படரும் மெல்லிய சவ்வுதான் நினைவுக்கு வருகிறது. பனிப்பாளம் என்பேன்.

அவ்வளவு பனிக்கு அடியில் நீர் உறையாமல் எப்படி நிற்கிறது? பூமியின் உள்வெப்பம் கீழிருந்து ஏறுகிறது. பாளம் கம்பளிபோல் அதைத் தப்பவிடாமல் மூடிக்கொள்கிறது. மேலே அழுத்தும் எடையால் உருகுநிலையும் இறங்குகிறது: 4 கிலோமீட்டர் பனிக்கு அடியில் ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி வரை நீர் நீராகவே இருக்கும். அண்டார்க்டிகாவின் வாஸ்டாக் ஏரி இப்படிப்பட்டது, நீளம் சுமார் 250 கிலோமீட்டர். 2012 பிப்ரவரியில் ரஷ்யர்களின் துளைக்குழாய் அதைத் தொட்டது. 2022இல் வெளிவந்த கணக்குப்படி உலகில் இத்தகைய ஏரிகள் 773. அவற்றில் 675 அண்டார்க்டிகாவில்.

அடுத்த சிக்கல் 'ஏரி'. தமிழில் ஏரி என்றால் கரை கட்டி, மதகு வைத்து, மனிதர் தேக்கிய நீர். இயற்கையாக உண்டானதைப் பொய்கை என்றார்கள். 'லேக்' என்பதற்கு ஏரி நிலைத்துவிட்டது, அதைக் கிளற வேண்டாம். ஆனால் கரை என்ற நினைப்பை இங்கே விட்டுவிட வேண்டும். பனிக்கு அடியில் நீர் பள்ளம் பார்த்து மட்டும் ஓடுவதில்லை. மேலே பாளம் எங்கே தடித்திருக்கிறதோ அங்கே அழுத்தம் அதிகம். அங்கிருந்து மெலிந்த பக்கமாக நீர் தள்ளப்படுகிறது. பாளத்தின் மேற்பரப்புச் சரிவுக்கு, அடித்தரைச் சரிவைவிடப் பத்து மடங்கு அதிகாரம். மேட்டிலும் ஏறும், சரிவிலும் தேங்கும். பனி போனதும் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் வடிந்துவிடும். கீழே பள்ளம்கூட இருக்காது.

பனிக்கு முன்னால் திறந்து கிடந்த பழைய ஏரியைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கடினமில்லை. வட அமெரிக்காவின் அகாசி ஏரி வடிந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. அதன் அலை ஒதுக்கிய மணல்மேடுகள் இன்றும் மானிட்டோபாவில் வரிவரியாக நிற்கின்றன. பனி மூடிய ஏரியில் அலையே இல்லை. பிறகு எதைத் தேடுவது?

சேற்றைத்தான். பாளம் அரைத்துப் பரப்பிய கல்லும் களிமண்ணும் கலந்த படிவு மேலும் கீழும் இருக்க, நடுவே அசையாத நீரில் மெல்லப் படிந்த நுண்மண் அடுக்கு இருந்தால், அங்கே பனிக்கு அடியில் ஏரி இருந்திருக்குமோ என்ற ஐயம் பிறக்கும். கனடாவின் கிரேட் ஸ்லேவ் ஏரி 614 மீட்டர் ஆழம். அதன் கிறிஸ்டி விரிகுடா அடித்தரைப் படிவுகளை வைத்து, முன்பு வட அமெரிக்காவின் வடபகுதியை மூடியிருந்த லாரண்டைடு பாளத்துக்கு அடியிலும் அங்கே பெரிய ஏரி இருந்தது என்று 2008இல் வாதிட்டார்கள். 2016இல் கனடாவிலிருந்தே இன்னொரு சான்று: பனி நகர்ந்த திசைக்குக் குறுக்கே கிடந்த மண்வரப்புகளுக்குப் பின்னால், 10 மீட்டர் ஆழம்கூட இல்லாமல் தேங்கிய சிறு ஏரிகள். அவை அவ்வப்போது உடைத்துக்கொண்டு வெளியேறிய வாய்க்கால்கள் தரையில் வெட்டுத்தடமாக இருக்கின்றன. சில வாய்க்கால்கள் எஸ்கர் எனப்படும் நெளிந்த சரளை வரப்பில் போய்ச் சேருகின்றன. எஸ்கர் அயர்லாந்து மொழியிலிருந்து வந்த சொல்.

எனக்குப் பிடித்த சான்று மேற்கு அண்டார்க்டிகாவின் பைன் ஐலண்ட் விரிகுடாவில் கிடைத்தது. இன்று அது கடல். கடலடிப் பள்ளங்களில் குழாயை இறக்கிச் சேற்றை உருளையாக எடுத்தார்கள். சேற்றின் மண் துகள்களுக்கு இடையே சிக்கியிருந்த நீரைப் பிரித்து, அதில் உப்பின் ஒரு கூறான குளோரைடு எவ்வளவு என்று அளந்தார்கள். கடலடிச் சேற்றில் உப்புநீர்தான் இருக்க வேண்டும். ஆழம் போகப் போக உப்பு குறைந்தது. மேலிருந்து கடல்நீர் ஊறி இறங்கிக்கொண்டிருக்கிறது; ஆனால் கடைசிப் பனியூழியில் பாளத்துக்கு அடியில் நின்ற நன்னீரின் மிச்சம் சேற்றுக்குள் இன்னும் முழுதும் மறையாமல் ஒட்டியிருக்கிறது. 2017இல் இதை வெளியிட்டார்கள்.

இனி பெயருக்கு வருவோம். 'சப்' என்பதற்குக் கீழ், உள், அடி என்று மூன்று வழி உண்டு. 'உட்பனி ஏரி' என்றால் பனியின் நடுவயிற்றில் இருப்பதுபோல் ஆகிவிடும். 'கீழ்ப்பனி' என்றால் மேல்பனி எங்கே என்று கேட்பார்கள். அடி நமக்குப் பழகிய சொல்: நிலத்தடி நீர், கடலடி மண். அதே அச்சில் பனியடி ஏரி. இன்றும் நீர் நிற்கும் வாஸ்டாக் போன்றவற்றுக்கு இது போதும்.

'பேலியோ'வுக்குத் தொல். தொல் என்றால் பழமை மட்டும்தானே, மறைந்ததைக் குறிக்குமா என்று கேட்கலாம். தொல்லுயிர் எச்சம் என்கிறோம். அங்கே உயிர் போய்விட்டது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கே ஒட்டுவது என்பதுதான் கேள்வி. 'தொல்பனியடி ஏரி' என்றால் பனி பழையது, ஏரி புதியது என்றும் படிக்கலாம். ஏரியோடு ஒட்டினால் அந்தக் குழப்பம் இல்லை: பனியடித் தொல்லேரி. நடுவில் த் மிகும். அகாசி ஏரி போலத் திறந்து கிடந்து வடிந்தவற்றுக்கு வெறும் தொல்லேரி. தெற்கு லோனாக்குக்குப் பனியாற்று ஏரி.