நாயின் இதயத்துக்கு எக்கோ எடுக்கும்போது எதை அளக்கிறார்கள்?

எக்கோ என்பது மீயொலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை. அதை எடுக்கும் மேஜையில் ஓரிடத்தில் ஓட்டை வெட்டியிருக்கும். நாயை வலப்பக்கமாகப் படுக்க வைத்தால் மார்பு சரியாக அந்த ஓட்டையின் மேல் வரும். மருத்துவர் அடியிலிருந்து கையை விட்டு, மீயொலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோபை வைப்பார். மீயொலிக்குக் காற்று ஆகாது; இதயத்தைச் சுற்றி இருப்பதோ காற்று நிரம்பிய நுரையீரல். பக்கவாட்டில் படுத்ததும் இதயம் சரிந்து மார்புச் சுவரை ஒட்டிக்கொள்ளும், நடுவிலிருந்த நுரையீரல் விலகிவிடும். முடியை மழித்து ஜெல் தடவுவதும் காற்றை விரட்டத்தான். பெரும்பாலான நாய்களுக்கு மயக்க மருந்து வேண்டாம், தலைப்பக்கம் ஒருவர் பிடித்துத் தடவிக்கொடுத்தால் போதும்.

ஒலி உடல் திசுவில் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகிறது. எதிரொலி திரும்பிவரும் நேரத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறது கருவி. 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் மனித இதயத்தில் செய்துகாட்டிய அதே அடிப்படைதான்.

நாய்களிடம் புதிதாக வரும் சிக்கல் உருவ அளவு. சிவாவா 2 கிலோ, கிரேட் டேன் 60 கிலோவுக்கு மேல். இத்தனை சென்டிமீட்டரைத் தாண்டினால் இதயம் பெரிது என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லவே முடியாது. அதனால் இடது கீழறையின் விட்டத்தை உடல் எடைக்கேற்பச் சரிசெய்கிறார்கள். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: இடது மேலறையின் அகலத்தை, அதே படத்தில் பக்கத்திலேயே தெரியும் பெருந்தமனியின் அகலத்தால் வகுப்பது. அந்த நாயின் உடம்பே அதற்கு அளவுகோலாகிவிடுகிறது. விடை 1.6 அல்லது அதற்கு மேல் என்றால் மேலறை வீங்கியிருக்கிறது.

சரி, இதயம் எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது? விரிந்த நிலையில் 4 செ.மீ. இருக்கும் கீழறை சுருங்கி 2.8 செ.மீ. ஆனால், சுருக்கம் 30 சதவீதம். டோபர்மேன் நாய்களுக்கு அடிக்கடி வரும் இதயத்தசை நோயில் இந்த எண் விழுந்துவிடும். ஆனால் டாஷண்ட், கேவலியர் போன்ற சிறு இனங்களில் வயதானதும், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வு தடித்துக் கசியும்போது, இதே எண் 50 சதவீதம் என்றுகூட வரலாம். ரிப்போர்ட்டைப் பார்ப்பவருக்கு நல்ல சேதியாகத் தோன்றும். உண்மையில், சுருங்கும்போது ரத்தத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்பி ஓடுவதால்தான் கீழறை அவ்வளவு சுலபமாகக் காலியாகிறது. ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பும் அடிக்க லேசாகத்தான் இருக்கும், டயரில்தான் காற்று ஏறாது. ஆக, இந்த நோயில் நம்ப வேண்டியது மேலறையின் வீக்கத்தை.

எக்கோவிலேயே உள்ள டாப்ளர் என்ற முறை ரத்தம் ஓடும் வேகத்தைத் தருகிறது. திரையில் வரும் சிவப்பும் நீலமும் சுத்த ரத்தம், அசுத்த ரத்தம் அல்ல. வழக்கமான அமைப்பில் புரோபை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம். வேகத்தின் வர்க்கத்தை 4ஆல் பெருக்கினால் வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கிடைக்கும். நுரையீரல் தமனி வால்வு குறுகிப் பிறந்த நாய்க்குட்டியில் ரத்தம் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பீறிட்டால், வேறுபாடு 100 மி.மீ. பாதரசம். 80ஐத் தாண்டினாலே கடுமை என்று எடுத்துக்கொண்டு, பலூன் விட்டு வால்வை விரிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

மிட்ரல் கசிவுள்ள நாய்க்கு மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதையும் பெரும்பாலும் எக்கோதான் சொல்கிறது. 2016இல் வெளியான எபிக் ஆய்வில், இதயம் பெரிதாகியும் அறிகுறி தொடங்காத நாய்களுக்கு பிமோபென்டன் என்ற இதய மருந்தைக் கொடுத்தபோது, இதயச் செயலிழப்போ இதயநோய் மரணமோ நேர்வது சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்டும் இதயம் பெரிதாகாத நாய்க்கு இந்த முடிவு பொருந்தாது; அதற்கு இப்போதைக்குக் கண்காணிப்பு மட்டும்தான்.

இதயச் செயலிழப்பால் நுரையீரலில் நீர் கோத்திருப்பதை உறுதிசெய்ய எக்ஸ்ரேயும் வேண்டியிருக்கும். அது வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நாய் நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டி, மறுபடி எண்ணியும் குறையவில்லை என்றால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.