கொழுப்பு மாத்திரையும் பித்தக்கல்லும்: அட்டையில் இருக்கும் பெயரை முழுதாகப் படியுங்கள்

மருந்துக் கவுன்ட்டரில் ஓர் அம்மா இரண்டு மாத்திரை அட்டைகளை என் முன்னால் வைத்தார். ஸ்கேனில் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்திருக்கிறது. "தம்பி, கல்லே கொழுப்புதான்னு சொல்றாங்க. கொழுப்பு மாத்திரை ரெண்டு சாப்பிடறேனே, கல் கரைஞ்சிடும்ல?" என்று கேட்டார். ஒன்று இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் வாங்கியது. மற்றது ஊருக்குப் போனபோது திருச்சியில் எழுதிக் கொடுத்தது.

அவர் நினைத்தது நியாயம்தான். ஆனால் உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்தநீர் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. அங்கே அதைக் கரைத்து வைத்திருப்பவை பித்த உப்புகள். சீனி அதிகமாகப் போட்ட தேத்தண்ணி ஆறியதும் அடியில் சீனி தங்குமே, அதுபோல, கொலஸ்ட்ரால் கூடிப் பித்த உப்பு குறைந்தால் படிகம் உருவாகிக் கல்லாக வளர்கிறது. எல்லாப் பித்தக்கல்லும் கொலஸ்ட்ரால் கல் அல்ல, நிறமிக் கற்களும் உண்டு.

திருச்சி அட்டையின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தது. இந்தியாவில் ரோசுவாஸ்டேட்டின் அல்லது அட்டோர்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் வகைக் கொழுப்பு மருந்தோடு ஃபெனோஃபைப்ரேட்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பார்கள். பல பிராண்டுகளில் அந்த எஃப் அதைத்தான் குறிக்கிறது. ஃபெனோஃபைப்ரேட் ஃபைப்ரேட் வகை மருந்து. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை நன்றாகக் குறைக்கும். ஆனால் கொலஸ்ட்ராலைப் பித்தநீருக்குள் அதிகமாகத் தள்ளிவிடும், பித்த அமிலம் உற்பத்தியாவதையும் குறைக்கும். கல் உருவாக இரண்டும் தோது. இந்த வகையின் பழைய மருந்தான க்ளோஃபைப்ரேட்டை வைத்து 1970-களில் நடந்த பெரிய ஆய்வுகளிலேயே பித்தக்கல் கூடுவது தெரிந்துவிட்டது. பித்தப்பை நோய் இருப்பவர்கள் எடுக்கக்கூடாது என்று ஃபெனோஃபைப்ரேட்டின் தகவல் தாளிலேயே இருக்கும். அந்தத் தாளை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

ஸ்டேட்டின் கதை வேறு. அது கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியையே குறைக்கிறது. நீண்ட காலம் ஸ்டேட்டின் எடுத்தவர்களுக்குப் பித்தக்கல்லுக்காக அறுவை சிகிச்சை செய்வது குறைவாக இருந்ததாக, பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை வைத்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதற்காக ஸ்டேட்டினைக் கல் கரைக்கும் மருந்தாக யாரும் கொடுப்பதில்லை. ஆனால் "கல் இருக்கு, கொழுப்பு மாத்திரை ஆகாதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஸ்டேட்டினை நிறுத்திவிடாதீர்கள். மாரடைப்பிலிருந்து காப்பதற்காகக் கொடுத்தது அது.

ஃபைப்ரேட்டே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ட்ரைகிளிசரைடு லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அப்போது அது தேவைப்படலாம். ஆனால் கல் நழுவிக் குழாயை அடைத்தாலும் வீங்குவது அதே கணையம்தான். அதனால்தான் கல் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவின் ட்ரைகிளிசரைடு 2-ஐ ஒட்டித்தான் இருந்தது. போதாததற்கு இரண்டு அட்டையிலும் ஸ்டேட்டின். தினமும் இரட்டை அளவு போயிருக்கிறது. கால் தசை வலிக்கு, அது மாத்திரையால் வரக்கூடும் என்று தெரியாமல், தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாராம். அன்றே மருத்துவரிடம் பேசினேன். அவர் திருச்சி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, தசைக்கும் கல்லீரலுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதினார்.

ஊரிலிருந்தோ மலேசியாவின் ஜொகூரிலிருந்தோ வாங்கி வரும் மருந்து, இங்கே நம் மருத்துவப் பதிவுகளைக் காட்டும் ஹெல்த்ஹப்பில் தெரியாது. நீங்கள் காட்டினால்தான் எங்களுக்குத் தெரியும். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.

அப்புறம், எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை இழுக்கும் வலியை 'கேஸ்ட்ரிக்' என்று நினைத்து இஞ்சித் தண்ணீரோடு விட்டுவிடாதீர்கள். அதோடு காய்ச்சலோ, கண் மஞ்சளாவதோ இருந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.