களக்கொப்பி: ‘சாகசத் தொகுதி’ ஏன் பொருந்தாது?

மேசையைச் சுற்றி இருந்து, ஒருவர் ஆட்டத்தை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாயக்கட்டை உருட்டி விளையாடும் ஆட்டங்களுக்கென்று மெல்லிய புத்தகங்கள் அச்சாகி வருகின்றன. ஒரு மாலையில் ஆடி முடிக்கக்கூடியவை. ஆங்கிலத்தில் ‘அட்வென்சர் மொடியூல்’ என்பார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இந்த ஆட்டம் பழகும் எங்கள் பொடியள் இதைச் ‘சாகசத் தொகுதி’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். ‘தொகுதி என்று பார்த்தால் உள்ளே ஒரேயொரு கதைதான் இருக்கு, காசு வீண்’ என்ற குறையை இப்போது அடிக்கடி கேட்கிறேன். பெயர் பிழைத்ததால் மதிப்பீடும் பிழைத்துப் போகிறது. அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘அட்வென்சர்’ என்பதன் இலத்தீன் வேருக்கு ‘வரப்போவது, நேரப்போவது’ என்று பொருள். ‘மொடியூல்’ இலத்தீனில் ‘சிறு அளவு’; பிறகு, பெரிய ஒன்றோடு சேர்த்துப் பொருத்தக்கூடிய துண்டு என்றாகியது. இந்த வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் 1978இல் அரக்கர் கோட்டைகள் பற்றிய மூன்று சிறு புத்தகங்களை மொடியூல் என்ற பெயரில் விற்றது. போட்டிகளில் பல குழுக்கள் ஒரே களத்தை ஆடுவதற்காகப் பயன்பட்டவை அவை. முதலாவது வெறும் 8 பக்கம். அந்த 8 பக்கத்தை 2017இலும் திருத்தி மறுபதிப்புச் செய்தார்கள். பக்கத்தை எண்ணி மதிப்புப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனிச் ‘சாகசம்’. வடமொழியில் ‘சாஹச’ என்பது வன்செயல். தரும நூல்கள் அதைக் குற்றங்களில் ஒன்றாக வைக்கின்றன. தமிழுக்கு வந்தபோது துணிச்சலோடு பாசாங்கும் சேர்ந்தே வந்தது. ‘அவ சும்மா சாகசம் பண்ணுறா’ என்றால் யாரும் வீரத்தை நினைக்கமாட்டார்கள். வடசொல் என்பதற்காக நான் இதை மறுக்கவில்லை. தூய தமிழ் என்று சிலர் முன்வைக்கும் ‘துணிகரம்’ இதைவிட மோசம். பத்திரிகையில் துணிகரம் என்று கண்டால் அடுத்த சொல் கொள்ளை என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இரண்டு சொல்லுமே ஆடுபவர் செய்யும் செயலைச் சொல்கின்றன. ஆனால் புத்தகத்தில் செயல் இல்லை. செயல் மேசையில்தான் நடக்கப்போகிறது.

‘தொகுதி’ இன்னும் பெரிய குழப்பம். சிறுகதைத் தொகுதி, கவிதைத் தொகுதி என்றால் பல சேர்ந்தது. கிளிநொச்சித் தொகுதி என்றால் தேர்தல் நினைவு வரும். ஒரேயொரு இடத்தையும் நாலைந்து ஆட்களையும் ஓர் ஆபத்தையும் வைத்திருக்கும் மெல்லிய புத்தகத்துக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டு, வாங்கினவன் ஏமாந்துபோனான் என்று எழுத்தாளரைத் திட்டுவது என்ன நியாயம்? அந்த எழுத்தாளர் ஒன்றைத்தான் தருவதாகச் சொன்னார். பலவற்றை வாக்களித்தது மொழிபெயர்ப்பு.

சரி, ‘சாகசக் கதை’ என்று மாற்றலாமா? அதுவும் வேண்டாம். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்குவது சுலபம். அண்ணாவியாரின் கூத்துக் கொப்பியில் பாட்டு, விருத்தம், வசனம் எல்லாம் எழுதியிருக்கும். விடிய விடிய ஆடினாலும் கோவலன் கொலைக்களத்துக்குப் போயே ஆகவேண்டும். சிலம்பை விற்காதே என்று களரியில் யாரும் தடுக்க முடியாது. தடுத்தால் அது கோவலன் கூத்தில்லை. நாங்கள் பேசும் ஆட்டத்தில் தடுக்கலாம். பொற்கொல்லனைப் பின்தொடரலாம், பாண்டியனின் காவலாளிக்குக் காசு கொடுக்கலாம், கண்ணகியையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக மதுரையை விட்டே போகலாம். ஆகவே புத்தகத்தில் இருக்கவேண்டியது முடிந்த கதை இல்லை, யார் எங்கே இருக்கிறார், என்ன விரும்புகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்ற விபரம்.

உதாரணத்துக்கு, ஒரு குளத்தின் துருசடியை, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகடியை, களமாக எடுத்துக்கொள்வோம். ஒரு புத்தகம் இப்படி எழுதுகிறது: ‘நிலவொளியில் குளக்கட்டு மௌனித்துக் கிடக்கிறது. வீரர்கள் அணுகியதும் முதிய காவலாளி கண்ணீர் மல்கத் தன் கதையைச் சொல்லி, சாவியை நீட்டுகிறான்.’ வாசிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஆடுபவர்கள் பின்பக்கத்தால் வந்தால்? காவலாளியைக் கட்டிப்போட்டால்? ஆட்டம் நடத்துபவர் கையில் ஒன்றும் இல்லை. இன்னொன்று இப்படி: ‘காவலாளிக்கு வலக்கண் தெரியாது. வெற்றிலை கொடுத்தால் பேசுவான். வெருட்டினால் துருசைத் திறந்துவிடுவான். திறந்தால் ஒரு மணி நேரத்தில் கீழ்வயல் மூழ்கும். சாவி அவனிடம் இல்லை, மகளிடம்.’ ஐந்து வரியும் ஐந்து விதமாக ஆட்டத்தைக் கொண்டுபோகும். ‘கதை’ என்று பெயர் வைத்தவர் முதலாவதற்குத்தான் அதிக புள்ளி போடுவார், ஏனென்றால் கதையை அப்படித்தான் மதிப்பிட வேண்டும். இரண்டாவதை ‘வெறும் குறிப்பு’ என்று தள்ளிவிடுவார். தள்ளியும் இருக்கிறார்கள்.

நான் சொல்லும் சொல் ‘களக்கொப்பி’. களம் என்றால் ஒன்று நடக்கப்போகும் இடம்: நெற்களம், போர்க்களம், ஆடுகளம். என்ன நடக்கும் என்பதை அந்தச் சொல் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. இலத்தீன்காரன் சொன்ன ‘நேரப்போவது’ என்பதற்கும் இது பக்கத்தில் வருகிறது. கொப்பி தமிழில்லை என்று முறைப்பவர்களுக்கு: பள்ளிக்கூடக் கொப்பி, கணக்குக் கொப்பி, கூத்துக் கொப்பி என்று எங்கள் வாயில் ஊறிய சொல் அது. நடுவில் கம்பி அடித்த மெல்லிய புத்தகம் என்ற உருவத்தையும் கூடவே தருகிறது. ‘களஏடு’ என்று ஒருவர் சொன்னார். புணர்ந்தால் களவேடு, களவு பதியும் ஏடு போலக் கேட்கும். பெரிய கெட்டி அட்டைப் புத்தகங்களை வேண்டுமானால் களநூல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் சரியானால் கேட்கவேண்டிய கேள்விகளும் சரியாக வரும். களத்துக்குள் போக ஒரு வழியா, பல வழியா? வரைபடமும் அதன் விபரமும் ஒரே பார்வையில் விழுகின்றனவா, பக்கம் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டுமா? ஆடுபவர் எதிர்பாராததைச் செய்தால் பதில் சொல்லப் போதிய விபரம் உண்டா? வாங்கிய அன்று பின்னேரம் வாசித்து இரவே நடத்தலாமா? போட்டோக்கொப்பிக் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் வரைபடம் விளங்குமா? வன்னியில் இது சின்ன விடயம் இல்லை. எங்களில் பலர் அப்படித்தான் எடுத்து ஆடுகிறோம். இவற்றில் தேறும் 12 பக்கக் கொப்பி, தேறாத 60 பக்கத்தைவிட விலை பெறும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள் என்பதே என் பெரிய மனக்குறை. மாதக்கணக்காகத் தொடரும் ஆட்டத்தைப் ‘பிரசாரம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் தேர்தலுக்கும் படையெடுப்புக்கும் ‘கம்பெயின்’ என்ற அதே சொல்தான், தமிழில் அப்படியில்லையே. தொடராட்டம் என்றால் யாருக்கு விளங்காது? ஆட்டம் நடத்துபவரை, ஆங்கிலத்தில் ‘டன்ஜன் மாஸ்டர்’ என்பதைப் பார்த்து, ‘நிலவறை எஜமான்’ ஆக்கியிருக்கிறார்கள். அவர் எஜமானும் இல்லை, நிலவறை எல்லா ஆட்டத்திலும் வருவதும் இல்லை. எழுதுமுன் ஒரு முறையாவது மேசையில் இருந்து ஆடிப் பாருங்கள். பொடியள் ஆடும்போது தங்களுக்குள் என்ன சொல் பாவிக்கிறார்கள் என்று கேளுங்கள். ‘களத்தை விரி’ என்று வரைபடத்தைக் காட்டிச் சொல்வது என் காதில் விழுந்தது அங்கேதான்.