ஸ்டீரியோ படமும் ஒரு அட்டைக் கணிப்பானும்

ஸ்டீரியோ படம், அதாவது கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம் எடுத்து ஆழம் தெரியக் காட்டும் 3டி படம், எடுக்கப் பழகுபவர்கள் எல்லாரும் முதலில் மனப்பாடம் செய்வது முப்பதில் ஒரு பங்கு விதியைத்தான்: மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்குதான் இரண்டு லென்ஸுக்கும் நடுவே இடைவெளி. முன்னால் இருக்கும் பொருள் 2 மீட்டரில் இருந்தால் இரண்டு லென்ஸுக்கும் நடுவே 67 மி.மீ. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (படம் பதியும் சென்சார் 36 மி.மீ. அகலம்) 35 மி.மீ. லென்ஸ், பின்னணியில் மலையும் வானமும் என்றால் இது சரியாகவே வரும். 100 மி.மீ. லென்ஸை மாட்டிய பிறகும் அதே 67-ஐ வைப்பதில்தான் வம்பு. அங்கே 24 மி.மீ.க்கு மேல் தாங்காது. பார்ப்பவருக்குத் தலைவலி வரும், பழி 3டி மேல் விழும்.

அதனால் என்னிடம் படம் பழக வருபவர்களை லென்ஸுக்கு ஏற்ற இடைவெளியைச் சொல்லும் ஒரு அட்டைக் கணிப்பான் செய்துகொள்ளச் சொல்கிறேன். செல்போன் செயலியிலும் இந்தக் கணக்கைப் போடலாம்தான். ஆனால் பலருக்கு அந்த செல்போன்தானே கேமரா!

10 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். இடது முனை முடிவிலி, வலது முனை 1 மீட்டர். நடுவில் தூரங்களைத் தலைகீழாக்கிக் குறிக்க வேண்டும். இடது முனையிலிருந்து 5 செ.மீ.யில் 2 மீட்டர், 2.5-ல் 4 மீட்டர், 1-ல் 10 மீட்டர். காட்சியில் மிக அருகில் இருப்பதற்கும் மிகத் தொலைவில் இருப்பதற்கும் உரிய குறிகளுக்கு நடுவே எத்தனை செ.மீ. என்று அளந்துகொள்ளுங்கள். 35 மி.மீ. லென்ஸ் என்றால் 343-ஐ, 50 என்றால் 240-ஐ, 100 என்றால் 120-ஐ அதால் வகுத்தால் இடைவெளி மி.மீ.யில் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 2 மீட்டரில் ஒருவர், 4 மீட்டரில் சுவர் என்றால் 240-ஐ 2.5-ஆல் வகுக்க 96. பின்னால் சுவர் இருப்பதால் கூடுதல் இடைவெளி கிடைக்கிறது. முப்பதில் ஒரு பங்கு விதிக்கு இது தெரியாது.

வகுக்கச் சோம்பலா? ஒரே மையத்தில் சுழலும் இரண்டு வட்டுகளில் மடக்கை (log) அளவு வரைந்து, ஒன்றைச் சுழற்றியே வகுத்துக்கொள்ளலாம். 1-ஐ 0 டிகிரியில் வைத்தால் 2 விழுவது 108.4 டிகிரியில், 5 விழுவது 251.6-ல். ஆனால் வட்டுக்குத் தசமப் புள்ளி தெரியாது. 9.6-ஆ, 96-ஆ என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பூச்சி, பூ போன்ற மிக நெருக்கப் படங்களுக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

கிடைக்கும் எண் உச்சவரம்பு மட்டுமே. இரு படங்களின் விலகல் சென்சார் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கை, அதாவது 1.2 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்பதிலிருந்து வந்தது அது. 2 மீட்டர் அகலத் திரையில் அது 67 மி.மீ., ஏறக்குறைய நம் கண்களின் இடைவெளி. 4 மீட்டர் திரையில் 133. அருகிலுள்ள பொருளைத் திரை மட்டத்தில் நிறுத்தினால், தொலைவில் உள்ளதைப் பார்க்கக் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டியிருக்கும். அதற்கு அவை பழகியவை அல்ல. பெரிய திரையில் காட்டப்போகிறீர்கள் என்றால் 240-க்குப் பதில் 120 என்று எல்லா எண்களையும் பாதியாக்கி அட்டையின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.