சுற்றுப்பாதை சரிகிறதா, சாய்கிறதா?

போன ஞாயிறு பெங்களூரு முருகேஷ்பாளையா வீட்டில் அக்கா மகன் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். அதில் கெர்பின் என்ற கற்பனைக் கோளிலிருந்து ராக்கெட் ஏவி, மின்மஸ் என்ற அதன் நிலவுக்குப் போக வேண்டும். பக்கத்தில் கைப்பேசியில் ஒரு தமிழ் விளக்கக் காணொளி ஓடியது. "மின்மஸின் சுற்றுப்பாதைச் சரிவு ஆறு டிகிரி, நம்ம ராக்கெட்டோட சரிவையும் ஆறுக்குக் கொண்டுவரணும்" என்றது குரல். நான்காவது 'சரிவு' வந்தபோது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சுற்றுப்பாதை சரிந்தால் ராக்கெட் கீழே விழுந்துவிடும், ஐயா!

அந்தக் காணொளிக்காரர் சொல்ல வந்தது இன்க்ளினேஷன். லத்தீனில் 'இன்கிளினாரே' என்றால் ஒரு பக்கமாகச் சாய்த்தல். காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளும் ரிக்ளைனர் நாற்காலி அந்தக் குடும்பம்தான். படுக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் வழியாக வந்த கிளினிக்கும் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. வேர்க்கதை இவ்வளவு போதும். விண்வெளியில் அதன் பொருள் இது: ஒரு கலம் சுற்றும் பாதையை ஒரு தட்டின் விளிம்பு என்று வையுங்கள். அந்தத் தட்டு கோளின் நடுமையத்தை வெட்டிக்கொண்டு போகும். நிலநடுக்கோட்டுத் தளத்துக்கும் அந்தத் தட்டுக்கும் இடையே உள்ள கோணம்தான் இன்க்ளினேஷன். பூஜ்யம் என்றால் நடுக்கோட்டின் மேலேயே சுற்றும். 90 என்றால் துருவங்களைக் கடக்கும். 90-ஐத் தாண்டினால் கோள் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது என்று பொருள்.

இதற்கு 'சரிவு' எப்படி வந்தது என்று தெரியும். காந்த ஊசி கீழ்நோக்கித் தாழ்வதற்குப் பள்ளிப் புத்தகத்தில் காந்தச் சரிவு என்று படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கும் இதே இன்க்ளினேஷன் என்ற பெயர் உண்டு. "ஒரே சொல்லுக்கு ஒரே தமிழ், அதுதானே ஒழுங்கு?" என்று அலுவலக நண்பர் ஒருவர் என்னிடம் மல்லுக்கு நின்றார். அங்கே ஊசியின் முனை உண்மையிலேயே கீழே இறங்குகிறது, அதனால் பொருந்துகிறது. இங்கே எதுவும் இறங்கவில்லை. மண் சரிகிறது, சேலைத் தலைப்பு சரிகிறது, பங்குச்சந்தை சரிகிறது. தமிழ்க் காதுக்குச் சரிவு என்றாலே நழுவிக் கீழே போவதுதான். இருபது வருடமாகப் பழைய ஏர்போர்ட் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறேன், இஸ்ரோவின் ராவ் செயற்கைக்கோள் மையத்தின் மதிலை ஒட்டிப் பஸ்ஸில் போகிறவன். ஒருநாள் செய்தியில் "செயற்கைக்கோள் 98 டிகிரி சரிவில்" என்று கேட்டதும், ஏதோ விபத்து என்றுதான் முதலில் நினைத்தேன்.

இதைவிடப் பெரிய சிக்கல், சரிவு என்ற சொல் விண்வெளியில் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது என்பது. காற்று உராய்ந்து உராய்ந்து கலம் உயரம் இழந்து இறங்கி வருவதற்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை. அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் தலையில் விழுமோ என்று பயந்தார்களே, அதேதான். 1973-இல் ஏவப்பட்டு 50 டிகிரி சாய்வில் சுற்றியது. 1979 ஜூலையில் சரிந்து மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறியது. இரண்டுக்கும் சரிவு என்றே எழுதினால் வாசகன் பாவம்.

கணினி மொழிபெயர்ப்பு தரும் 'சுற்றுப்பாதை நாட்டம்' பற்றிப் பேசவே வேண்டாம். ராக்கெட்டுக்கு என்ன, சுற்றுவதில் ஆசையா?

சரி, 'சாய்வு' போதுமே, பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்வு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்கிறதே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மருமகனிடம் "சாய்வை ஆறு வை" என்றேன். பயல் ராக்கெட்டின் மூக்கை ஆறு டிகிரி கிழக்கே சாய்த்துக் கிளப்பினான். பாதை அழகாக அமைந்தது, கோணம் மட்டும் பூஜ்யம். அவன்மேல் தப்பில்லை, ஏவிய பின் ராக்கெட்டை மெல்லச் சாய்ப்பது வேறு வேலை, அதற்கும் நாம் சாய்வு என்றுதான் சொல்கிறோம். கெர்பினின் ஏவுதளம் ஏறக்குறைய நடுக்கோட்டிலேயே இருப்பதால், ஆறு டிகிரி வேண்டுமென்றால் திசைகாட்டியில் நேர்கிழக்கான 90-க்குப் பதில் 84 பக்கம் திருப்பிக் கிளம்ப வேண்டும். அதுவும் ஏவுதளம் மின்மஸின் தளத்துக்கு நேர்கீழே வரும் நேரம் பார்த்து. இல்லையென்றால் கோணம் ஆறு இருக்கும், தட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் நான் 'தளச்சாய்வு' என்கிறேன். சாய்வது மூக்கும் இல்லை, பாதையும் இல்லை, தளம், அதாவது நான் சொன்ன அந்தத் தட்டு. சொல்லுக்குள் தளம் இருந்தால் பாதி விளக்கம் தானாக வந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டா 13.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. நேர்கிழக்கே ஏவினால் தளச்சாய்வும் அதே 13.7, அதற்குக் குறைவாக நேரடியாகக் கிடைக்காது. ஏன்? தட்டு பூமியின் மையத்தையும் தொட வேண்டும், ஏவிய இடத்தையும் தொட வேண்டும். 'சரிவு' என்று வைத்துக்கொண்டு இதை ஒரு பிள்ளைக்கு விளக்கிப் பாருங்கள்.

இன்னொரு எரிச்சல், 'இலக்குச் சாய்வு'. டார்கெட் என்றால் இலக்கு, ஒட்டவைத்தாயிற்று, வேலை முடிந்தது! இந்த ஆட்டத்தில் மின்மஸையே இலக்காகக் குறிக்கலாம். அப்போது இலக்குச் சாய்வு என்பது மின்மஸின் சாய்வா, நாம் எட்ட வேண்டியதா? 'எட்ட வேண்டிய தளச்சாய்வு' என்று நாலு எழுத்து கூட எழுதினால் பேனா தேயாது. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பெயர்ச்சொற்களைக் கோத்துக்கொண்டே போவதில் ஒரு ருசி. வினை போட்டுச் சொல்ல வெட்கம். 'சுற்றுவட்டப்பாதை' அப்படிப் பிறந்ததுதான். சுற்று, வட்டம், இரண்டும் எதற்கு? பாதை வட்டமே இல்லை, நீள்வட்டம் என்று கெப்ளர் சொல்லி நானூறு வருடம் ஆகிறது.

மருமகன் கடைசியில் மேலே போய்த்தான் திருத்தினான். ராக்கெட்டின் தளமும் மின்மஸின் தளமும் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்கு வந்ததும் தளத்துக்குச் செங்குத்தாக எஞ்சினை எரித்தான். கெர்பினை 80 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும்போது ஆறு டிகிரி திருப்ப நொடிக்குச் சுமார் 240 மீட்டர் வேக மாற்றம் வேண்டும். இரு தளங்களுக்கும் இடையிலான கோணம் 0.0 காட்டியதும் திரும்பிப் பார்த்து, "மாமா, தளம் சேர்ந்துடுச்சு" என்றான். மூன்று நாளாக நான் 'தள ஒத்திசைவு' என்று ஏதோ எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.