‘எக்ஸ் போட்டு மூடிட்டேன்ணே’னு இனிமே யாரும் என்கிட்ட வந்து சொல்லாதீங்க

போன வாரம் செவ்வாய்க்கிழம மத்தியானம் ஒரு பொண்ணு அவங்க அம்மாவோட என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்துச்சு. வயசு இருபது இருக்கும், டவுன்ல ஒரு மினி மார்க்கெட்ல கேஷியர் வேல. கையில ரிப்பேருக்குன்னு ஒண்ணும் இல்ல, ஒரு சம்பளச் சீட்டும் ஹேண்ட்போன்ல எடுத்த நாலு படமும்தான். கல்லாவுல காசு கொறையுதுன்னு சம்பளத்துல 186 வெள்ளி புடிச்சிட்டாங்களாம், கேன்சல் பண்ண பில்லு அஞ்சும் அது பேருலதான் இருக்காம். “நான் மூணு மணிக்கே வேல முடிஞ்சி போயிட்டேன்ணே, எக்ஸ் போட்டு மூடிட்டுத்தான்ணே போனேன்”னு அழுவுது. எக்ஸ்னா, புரோகிராம் ஜன்னலோட மேல் மூலையில இருக்குற மூடுற பட்டன். அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு “பாத்துச் சொல்லுங்க தம்பி, எம்புள்ள திருடியா?”ங்கறாங்க.

படத்த பெருசாக்கிப் பாத்தேன். கேன்சல் ஆன மொத பில்லு ராத்திரி 7.42. பஞ்ச் கார்ட்டுல பொண்ணு வெளிய போன நேரம் 3.04. நாலர மணி நேரத்துக்கு மேல கழிச்சி அது பேருல வேற யாரோ பில்ல கேன்சல் பண்ணியிருக்காங்க. எப்படின்னா, இது எக்ஸ் அமுக்கிட்டுப் போயிடுச்சு, சாயங்கால ஷிப்ட் பையன் வந்து ஐக்கான ரெண்டு தட்டு தட்டினான், பாஸ்வேர்டே கேக்காம இது பேருலயே தொறந்துக்கிச்சு. அவ்வளவுதான் கதை. மேல மூலையில யாரு பேரு இருக்குன்னு அந்தப் பையன் பாக்கலியா, பாத்துட்டுத்தான் பண்ணானா, அது அவனுக்கும் சாமிக்கும்தான் வெளிச்சம்.

நான் மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல பதினேழு வருஷமா கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கேன். வைரஸ், சார்ஜர் போச்சு, கோப்பி ஊத்திடுச்சு, எல்லாம் பாத்தாச்சு. ஆனா இந்த எக்ஸ் சமாச்சாரம் மட்டும் வாரத்துக்கு ஒண்ணாவது வருது, டீச்சர்லேருந்து லோரி ஓட்டுற அண்ணன் வரைக்கும் ஒரே டயலாக். அதான் இன்னிக்கு எழுதிடறதுன்னு உக்காந்துட்டேன், நீளமாப் போச்சுன்னா மன்னிச்சுக்குங்க.

எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு. விடியக்காலம் இருட்டோட பெரட்டுக்குப் போயி நிக்கணும், கிராணி, அதான் தோட்டத்து கிளார்க், செக்ரோலுங்கற பேரு புத்தகத்த வச்சிக்கிட்டு பேரு கூப்பிடுவாரு, இருக்கேன்னு சொன்னாத்தான் அன்னிக்கு வேல. மத்தியானம் வாளியக் கழுவி கவுத்துட்டு லயத்து வீட்டுக்கு வந்துட்டா செக்ரோல்லேருந்து பேரு போயிடுமா? போகாது. நாளைக்கும் கூப்பிடுவாங்க. தோட்டத்த விட்டு ஒரேயடியாப் போறவரு ஆபிஸ்ல போயி நின்னு பேரு வெட்டிக்கணும். எக்ஸ் அமுக்குறது லயத்துக்குப் போற மாதிரி. லாக்அவுட்டுதான் பேரு வெட்டுறது. நீங்க பேரு வெட்டாமப் போயிட்டீங்கன்னா, உங்க பேரக் கூப்பிடுறப்போ வேற எவனாச்சும் ‘இருக்கேன்’னு கையத் தூக்குவான், இந்த கிராணிக்கு மூஞ்சி தெரியாது, பேரு மட்டும்தான் தெரியும்.

அதையே கம்ப்யூட்டர் பாஷையில சொன்னா, நீங்க ஒரு தடவ பாஸ்வேர்டு போட்டதும் சர்வர் ஒரு சீட்டு குடுக்குது, டோக்கன்னு பேரு. ஆப் அத உங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா எழுதி வச்சிக்கும், அடுத்த தடவ தொறக்கறப்போ உங்ககிட்ட ஒண்ணும் கேக்காது, சீட்டக் காட்டி உள்ள போயிடும். ஜன்னல மூடுனா சீட்டு கிழியாது. கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாலும் கிழியாது. கரண்டே போனாலும் கிழியாது. சில ஆப் நீங்க மூடுனாக்கூட மூடாது, மணி காட்டுற எடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும் பாருங்க, அதுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டு மெசேஜ வாங்கிக்கிட்டே இருக்கும்.

மக்கள் ஏன் இப்படி நம்பிட்டாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். எல்லாம் பேங்க் வெப்சைட்டு பழக்கிவிட்டதுதான். அதுல கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே வெளிய தள்ளிடும், மறுபடி தொறந்தா மறுபடி பாஸ்வேர்டு. அதப் பாத்து எல்லாமே அப்படித்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. டெஸ்க்டாப் ஆப் எழுதறவன் வேற மாதிரி நெனைக்கிறான். இது உன் வீட்டுல, உன் மேசையில, நீ மட்டும் தொடுற மெஷின், தெனமும் பாஸ்வேர்டு கேட்டா உனக்குக் கோவம் வரும்னு நெனைக்கிறான். நம்ம ஊர்ல எங்க அப்படி இருக்கு? ஒரே லேப்டாப்புல மகன் கேம் விளாடுறான், மக ஸ்கூல் வேல செய்யுறா, அப்பா ஏப்ரல் மாசம் வந்தா வருமான வரி பி.இ. ஃபாரம் போடறாரு, பக்கத்து வீட்டு ஆண்ட்டி பென்டிரைவ் கொண்டாந்து ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துட்டுப் போறாங்க.

அடுத்தது வாட்ஸப். “ஹேண்ட்போன ஆஃப் பண்ணிட்டா கம்ப்யூட்டர்லயும் நின்னுடும்ல?”னு கேப்பாங்க. ஒரு காலத்துல அது உண்மை, போன் ஆன்லைன்ல இருந்தாத்தான் கம்ப்யூட்டர்ல ஓடும். 2021லேருந்து கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டாங்க, இப்போ போன் செத்துக் கெடந்தாலும் கம்ப்யூட்டர்ல அது பாட்டுக்கு ஓடும், ஒரு போனோட நாலு மெஷின் வரைக்கும் சேத்துக்கலாம். ஹேண்ட்போன 14 நாளைக்கு மேல தொடாம விட்டாத்தான் அதுவா அறுத்துவிடும். தெனமும் போன் பாக்குறவங்களுக்கு அந்த 14 நாள் என்னிக்குமே வராது, இதையும் சேத்து யோசிங்க. டெலிகிராம் இன்னும் நீளம், யாரும் மாத்தாம விட்டா சும்மா கெடக்குற மெஷின ஆறு மாசம் கழிச்சுத்தான் வெளிய தள்ளும்.

கோலகங்சார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், அங்க ஆபிஸ் கம்ப்யூட்டர் ஸ்லோன்னு கூப்பிட்டாங்க. பழைய கிராணி ரிட்டையர் ஆயி ரெண்டு மாசம், புது கிராணி சின்னப் பையன். நான் உக்காந்து தொறந்தா கீழ மூலையில டொங் டொங்குன்னு மெசேஜ் வந்து விழுது. என்னன்னு பாத்தா பழைய கிராணியோட குடும்ப குரூப்பு. மக கல்யாணத்துக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன கேட்டாங்க, நகைக் கடையில எவ்வளவு பாக்கி, டாக்டர் என்ன சொன்னாரு, எல்லாம் வரிசையா. புது பையன் தலையக் குனிஞ்சிக்கிட்டு “நான் ஒண்ணும் படிக்கல அங்கிள்”ங்கறான். ரெண்டு மாசம்! நான் பெரியவருக்கு அங்கேருந்தே போன் அடிச்சேன். அவரு சொன்ன மொத வார்த்த என்ன தெரியுமா? “நான் மூடிட்டுத்தானே தம்பி வந்தேன்.”

அழிச்சிட்டேன்னு சொல்றவங்க தனி ரகம். டெஸ்க்டாப்புல இருந்த ஐக்கான இழுத்துக் குப்பையில போட்டுட்டு ஆப்ப அழிச்சிட்டதா நெனைக்கிறாங்க, அது வெறும் வழிகாட்டிப் பலகை, பலகையப் புடுங்குனா வீடு இடிஞ்சிடுமா? சரி, கொஞ்சம் வெவரமானவங்க முறைப்படி அன்இன்ஸ்டால் பண்றாங்க. அப்பவும் நெறைய ஆப் ஆப்டேட்டாங்கற மறைஞ்ச ஃபோல்டர்ல தன் சாமான அப்படியே விட்டுட்டுப் போகும், அடுத்தவன் அதே ஆப்ப மறுபடி போட்டா பழைய சீட்டோட நேரா உங்க அக்கவுண்டுக்குள்ள போயி உக்காந்துடும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி விக்கிற எனக்கு இது தெனப்படி காட்சி, நான் மட்டும் கெட்டவனா இருந்திருந்தா இந்நேரம் ஈப்போவுல பங்களா கட்டியிருப்பேன்.

இப்போ சாப்ட்வேர் எழுதற தம்பிங்களுக்கு ரெண்டு வார்த்த, மத்தவங்க இந்தப் பத்தியத் தாண்டிப் போலாம். அந்த மினி மார்க்கெட் புரோகிராமப் போயிப் பாத்தேன், கடை மொதலாளி தவுக்கே எனக்குத் தெரிஞ்சவருதான், சீனரு, நம்ம தமிழே நல்லாப் பேசுவாரு. அதுல லாக்அவுட் பட்டன் மூணு மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, எக்ஸ் மட்டும் செவப்பா பளிச்சுன்னு. அந்த லாக்அவுட்டையும் அமுக்கிப் பாத்தேன், லாகின் ஸ்க்ரீன் வருது, மூடிட்டுத் தொறந்தா மறுபடி பழைய பேரு! ஸ்க்ரீன மட்டும் மாத்தியிருக்கான், டோக்கன தொடவே இல்ல. தம்பி, லாக்அவுட்டுன்னா ரெண்டு வேல இருக்கு. சட்டப் பையில இருக்குற சீட்டையும் கிழிக்கணும், ஆபிஸ் செக்ரோல்லயும் பேர வெட்டணும். மெஷின்ல இருக்குறத மட்டும் அழிச்சிட்டா, ஏற்கெனவே யாராச்சும் காப்பி அடிச்சி வச்ச சீட்டு சர்வர்ல செல்லுபடியாயிக்கிட்டே இருக்கும். மைக்ரோசாஃப்ட்லயே புதுப்பிக்கிற டோக்கனுக்கு சாதாரணமா 90 நாள் ஆயுசு. சர்வர்கிட்ட போயி இத ரத்து பண்ணுன்னு சொல்றதுக்கு ஆர்எஃப்சி 7009னு ஒரு தரமே 2013லேருந்து இருக்கு, படிக்கறதுக்கு அரை மணி நேரம் ஆவாது. பலபேரு மாறி மாறி உக்கார்ற கவுண்டர் மெஷினுக்கு ‘என்னை ஞாபகம் வச்சுக்கோ’ டிக் எதுக்கு? அத யாரு தானா போட்டு வச்சது? சும்மா இருந்தா பூட்டிக்கணும், அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பு நிஸ்ட் 2017ல போட்ட வழிகாட்டியே நடுத்தரப் பாதுகாப்புக்கு 30 நிமிஷம் அசையாம இருந்தா மறுபடி கேளுன்னுதான் சொல்லுச்சு. கல்லாவுக்கு நான் அஞ்சு நிமிஷம்பேன்.

சரி, நீங்க என்ன பண்ணணும்? இப்பவே ஹேண்ட்போன எடுங்க. வாட்ஸப்ல மூணு புள்ளி, லிங்க்ட் டிவைசஸ், அதுல நீங்க மறந்துபோன கம்ப்யூட்டர் எல்லாம் பேரோட வரிசையா நிக்கும், தெரியாதது, வித்தது, பழைய ஆபிஸ் எல்லாத்தையும் தொட்டு லாக்அவுட் குடுங்க. டெலிகிராம்ல செட்டிங்ஸ், டிவைசஸ். கூகள் அக்கவுண்டுல செக்யூரிட்டிக்குள்ள யுவர் டிவைசஸ். போன்லேருந்து பண்றது ஏன் நல்லதுன்னா அது நேரா சர்வர்ல பேரு வெட்டுது, அந்தக் கம்ப்யூட்டர் ஈப்போவுல இருந்தாலும் சரி, பினாங்குல இருந்தாலும் சரி. “பாஸ்வேர்ட மாத்திட்டேன் போதாதா?”னு கேப்பீங்க. வாட்ஸப்ல மாத்தறதுக்கு பாஸ்வேர்டே இல்லியே. கூகள்ல மாத்துனா பெரும்பாலான மெஷின்ல வெளிய தள்ளும், எல்லாத்துலயும் தள்ளாது, அதனால லிஸ்ட்ட கண்ணால பாருங்க.

ஆபிஸ் மெஷின்ல ஆபிஸ் ஈமெயில் வச்சிருக்கவங்களுக்கு இன்னொரு பொறி இருக்கு. ஆபிஸ் மெசேஜுக்கு வச்சிருக்குற டீம்ஸ் ஆப்புல சைன்அவுட் பண்ணிட்டு போறீங்க, ஆனா மொத தடவ போடறப்போ எல்லா ஆப்புக்கும் இதே அக்கவுண்டான்னு கேட்டதுக்கு சரின்னு சொல்லியிருப்பீங்க, அப்போ அந்த அக்கவுண்ட் விண்டோஸுக்குள்ளயே போயி உக்காந்திருக்கும். செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் போயி, வேல அக்கவுண்ட் அல்லது ஸ்கூல் அக்கவுண்ட் காட்டுற எடத்துல டிஸ்கனெக்ட் பண்ணணும். ஃபைல் சேத்து வைக்கிற ஒன்டிரைவ தனியா அன்லிங்க் பண்ணணும். சலிப்பாத்தான் இருக்கும், என்ன பண்றது.

வீட்டுல ஒரே லேப்டாப்பா? ஆளுக்கொரு விண்டோஸ் யூசர் போட்டுக் குடுங்க. காசு கெடையாது, அஞ்சு நிமிஷ வேல. ஆப்போட சீட்டு எல்லாம் அந்தந்த யூசரோட ஃபோல்டர்லதான் இருக்கும், மகன் பக்கம் தொறந்தா அம்மாவோட சீட்டு கைக்கு வராது. ஒரே யூசர்ல எல்லாரும் பொழங்குனா விண்டோஸ் எத்தன பூட்டு போட்டாலும் பிரயோஜனம் இல்ல, சாவி பொதுவுல தொங்குது. எழுந்து டாய்லட்டுக்குப் போனாக்கூட விண்டோஸ் பட்டனோட எல் அமுக்கிட்டுப் போங்க. அது பூட்டுறது மட்டும்தான்ங்கறது ஞாபகம் இருக்கட்டும், ஷிப்ட் மாறுறப்போ சைன்அவுட்தான் குடுக்கணும்.

கேஷியர் புள்ளைங்களுக்கு, கெஞ்சிக் கேக்கறேன்மா. வேல முடிஞ்சா லாக்அவுட் பண்ணுங்க, பண்ணிட்டு மறுபடி ஒரு தடவ தொறந்து பாஸ்வேர்டு கேக்குதான்னு பாத்துட்டு அப்புறமா பையத் தூக்குங்க. கேக்கலன்னா படம் புடிச்சு மொதலாளிக்கு அனுப்பி வைங்க. மொதலாளிங்களுக்கு, சம்பளத்துல எத புடிக்கலாம் எத புடிக்கக்கூடாதுன்னு 1955 வேலைச் சட்டம் வரையறுத்து வச்சிருக்கு, கம்ப்யூட்டர்ல பேரு இருக்குன்னு மட்டும் பாத்துட்டு புடிக்காதீங்க. பேங்க் காசு மோசடியில போயிடுச்சுன்னா மொதல்ல 997க்கு, அதான் மோசடிப் புகார் நம்பருக்கு, அடிங்க, அப்புறமா என் கடைக்கு வாங்க. பல பேரு மாத்திச் செய்யுறாங்க.

அந்தப் பொண்ணு விஷயம் கேக்குறீங்களா? 7.42ஐயும் 3.04ஐயும் ஒரே தாள்ல பெருசா பிரிண்ட் போட்டு தவுக்கே முன்னாடி வச்சேன். மனுஷன் ரெண்டு நிமிஷம் பேசல, அப்புறம் கல்லாவ இழுத்து 186 வெள்ளிய எண்ணி அம்மா கையில குடுத்தாரு. பொண்ணு திரும்ப வேலைக்குப் போகல, துணிக்கடையில சேந்துடுச்சு. அந்த ‘ஞாபகம் வச்சுக்கோ’ டிக்க நான்தான் எடுத்துவிட்டேன். முந்தா நாள் பால் டின்னு வாங்கப் போனேன், யாரோ மறுபடி போட்டு வச்சிருக்காங்க.

லேப்டாப் விக்கிறதுக்கு என் கடைக்கு வர்றவங்க ஹேண்ட்போனையும் மறக்காமக் கொண்டாங்க. பேரு வெட்டாத மெஷின நான் இனிமே வாங்கறதா இல்ல.