“பண்டிகை முடியட்டும், பார்த்துக்கலாம்”

தீபாவளிக்கு முந்தின வாரம் என் கிளினிக்கில் ஈ ஓட்டலாம். மற்ற நாளில் டோக்கன் 40-ஐத் தாண்டும். அந்த வாரம் பத்துப் பேர் வந்தால் அதிகம். அதுவும் காய்ச்சல் அடிக்கும் குழந்தைகள், “ஒரு ஊசி போட்டு விடுங்க, கடையில கூட்டம்” என்று வாசலிலேயே நிற்கும் துணிக்கடைப் பையன்கள். வயதானவர்களைக் கண்ணில் காண முடியாது. பண்டிகை முடிந்து பிள்ளைகள் ரயிலேறிய மறுநாள் காலை 8 மணிக்கே திண்ணை நிரம்பிவிடும். கும்பகோணம் பக்கத்தில் பொது மருத்துவராக 27 வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். தீபாவளி பட்சணத்தால் வந்த வினை என்று ஆரம்பத்தில் நானும் நினைத்ததுண்டு. விசாரித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு அது பண்டிகைக்கு முன்பே தொடங்கியிருக்கும். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருப்பார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, 72 வயது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை. காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. போன தடவையைவிட எடை 4 கிலோ கூடுதல்.

“எத்தனை நாளா இப்படி?”

“பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும்.”

“ஏன் அப்பவே வரல?”

“பசங்க வர்ற நேரத்துல நான் போய் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும், டாக்டரம்மா?”

அந்தப் பத்து நாளில் அவர் இரண்டு படி மாவுக்கு முறுக்குச் சுற்றியிருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டியதால் ராத்திரியெல்லாம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி கழித்திருக்கிறார். மகள் அழுதுகொண்டே தன் போனிலிருந்து ஒரு படத்தைக் காட்டினார். நாற்காலியில் பாட்டி, மடியில் பேத்தி, இரண்டு பேரும் அசந்து தூங்குகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்கு ஏகப்பட்ட இதயங்கள். நான் படத்தைப் பெரிதாக்கிக் காலைப் பார்த்தேன். வீங்கின விரலுக்குள் மெட்டி புதைந்து கிடந்தது.

அவருக்கு இதயம் ரத்தத்தை வெளியேற்றும் வலு குறைவு என்பது மூன்று வருடமாகத் தெரிந்ததுதான். நீர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வந்ததும் சுவாமிமலை, திருநாகேஸ்வரம், பட்டீஸ்வரம் என்று வேனில் கூட்டிக்கொண்டு போவார்கள், வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். கூடவே முறுக்கு, ஓமப்பொடி, ஊறுகாய். ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்லும் அளவு. இதயம் தளர்ந்தவருக்கு இது இன்னும் முக்கியம். உப்பு தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கும். அந்தத் தண்ணீர் பகலில் காலில் தேங்கி, படுத்ததும் மேலே திரும்பி நுரையீரலை அடைக்கும். அதனால்தான் நாற்காலி. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று அதற்குப் பிறகு சுவரில் எழுதி ஒட்டச் சொன்னேன்.

ஏன் மறைக்கிறார்கள்? பாசம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகள் எதிரில் சொல்ல மாட்டார்கள், என்னிடம் சொல்வார்கள். “முடியலன்னு சொன்னா வீட்டப் பூட்டிட்டு பெங்களூருக்கு வாங்கம்பான்.” ஆறாவது மாடியில், பாஷை தெரியாத ஊரில், பகல் முழுக்கப் பூட்டின கதவுக்குள் இருக்கும் வாழ்க்கையைக் கண்டு பயம். பணம் செலவாகுமே என்ற பயம் தனி. ஆகவே பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு வாசலில் நின்று “உடம்பு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால் “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்ற பதில்தான் வரும். இதில் பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 59 வயதாகிறது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் காலையில் எழுந்தால் தலை சுற்றியது. மகள் ஊரிலிருந்து வருகிறாளே என்று அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு ரவா உருண்டை பிடித்தேன். அவள் கிளம்பிப் போன பிறகுதான் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, மாத்திரை அளவைக் குறைத்தேன். வேறொருவர் இப்படிச் செய்துவிட்டு வந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

அதனால், பண்டிகைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளே, கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “ராத்திரி எத்தனை தலைகாணி வெச்சுப் படுக்கறீங்க?” “எத்தனை தடவை எழுந்து போறீங்க?” “இந்த வருஷத்துல எங்கயாவது விழுந்தீங்களா?” கடைசிக் கேள்விக்கு முதலில் “இல்ல” வரும். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். அங்கே பதில் இருக்கும்.

விழுவது என்றதும் கங்கா ஸ்நானம் ஞாபகம் வருகிறது. ஐப்பசி மழை, விடிகாலை 4 மணி, தூக்கக் கலக்கம். அரை மணி நேரம் மணையில் உட்கார்ந்து எண்ணெய் ஊறவைத்து, பிறகு சூடாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரியும். ரத்தம் அங்கும் காலிலும் தங்கிவிடும். அந்த நிலையில் சட்டென்று எழுந்தால் தலைக்குப் போக வேண்டிய ரத்தம் குறைகிறது. இளவயதில் உடம்பு நொடியில் சரிசெய்துகொள்ளும், எழுபதில் அதற்கு நேரம் பிடிக்கும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் அதையே நாங்கள் நோய் என்று குறிப்போம். பிரஷர் மாத்திரையோடு, ஆண்களுக்கு ப்ராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் மாதிரி மாத்திரைகளும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். காலடியில் ஏற்கெனவே நான்கு பேர் குளித்துவிட்டுப் போன எண்ணெய்த் தரை. இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களைக் கேட்டால் கதை பெரும்பாலும் இதேதான்.

விடிந்த பிறகு குளிக்கட்டும், நரகாசுரன் கோபித்துக்கொள்ள மாட்டான். மணைக்குப் பதிலாக அகலக் கால் வைத்த பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். அவர்கள் போகுமுன் தரையை சோப்புத் தூள் போட்டு ஒருமுறை தேய்த்துவிடுங்கள். தாழ்ப்பாள் வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும். பட்டுப்புடவை, வேட்டியோடு சுவரில் பதிக்கும் ஒரு கைப்பிடியும் வாங்கிக்கொண்டு போனால் நல்லது. ஒரு மகன் வாங்கிப் பொருத்தினார். அவர் ஊருக்குப் போனதும் அப்பா அதில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

சர்க்கரை நோய்க்காரர்கள் இனிப்பு சாப்பிட்டு சர்க்கரை ஏறும் என்று எல்லாரும் பயப்படுகிறோம். அது ஏறும்தான்; லேகியத்திலும் வெல்லமும் நெய்யும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காலையில் என்னை ஓடவைப்பது இறங்கும் சர்க்கரை. விடிகாலையில் குளித்து, வழக்கம்போல சர்க்கரையைக் குறைக்கும் க்ளிமிபிரைட் மாத்திரையை விழுங்கிவிட்டு, படையல் முடியட்டும் என்று 12 மணி வரை சோறு சாப்பிடாமல் இருப்பார்கள். “அதிரசம் சாப்பிடப் போறோமே” என்று மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டவரும் உண்டு. 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும். வயதானவர்களில் சிலருக்கு அதுகூட வராமல் நேராகக் குழப்பமும் உளறலும்தான் வரும். “பெருசு ஏதோ பேசுது” என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரையைச் சோதியுங்கள். கருவி இல்லையென்றால், விழுங்கும் நினைவு இருக்கும்போதே சர்க்கரை கலந்த தண்ணீரைக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வெடிப்புகையைப் பற்றி ஒரு வரி: நம் அரசு அனுமதிக்கும் காலை 6–7, மாலை 7–8 நேரத்திலாவது ஆஸ்துமா உள்ளவரைத் தெருப்பக்கத்து அறையிலிருந்து மாற்றி, இன்ஹேலரைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஊரில் இருக்கும் நான்கு நாளில் ஒரு மணி நேரம் கிடைத்தால் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும். ஒன்று இந்த டாக்டர் எழுதியது, இன்னொன்று அந்த டாக்டர் எழுதியது. இரண்டையும் பக்தியோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரை அட்டை ஒன்றாவது இருக்கும். டைக்ளோஃபெனாக் வகையறா சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும், இதயம் தளர்ந்தவர் உடம்பில் தண்ணீரையும் தேக்கும். ஆனால் நீங்களாக எதையும் தூக்கிப் போடாதீர்கள். பையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் ‘முழு உடல் பரிசோதனை’ தாளைவிட எனக்கு அந்தப் பைதான் அதிகம் சொல்லும்.

மற்றது கண்ணால் பார்ப்பது. போன வருடம் தைத்த ரவிக்கை தொளதொளக்கிறதா, மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறதா? ஆறு மாதம், ஒரு வருடத்தில் உடம்பு இருபதில் ஒரு பங்கு எடை தானாகக் குறைந்தால் அது வயதினால் அல்ல. நாற்காலியிலிருந்து எழுந்து பத்தடி நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம். சொன்ன கதையையே திரும்பச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதை மட்டும் வைத்து மறதி நோய் என்று சொல்லிவிட முடியாது. நாற்பது வருடமாகச் செய்த பாகின் பதம் மறந்து அடுப்பின் முன் திகைத்து நின்றால் கட்டாயம் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்குப் பெரும்பாலும் காதுதான் கேட்கவில்லை.

2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டில் 100 பேரில் 13, 14 பேர் 60-ஐத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடி நாம். பண்டிகைக்குப் பிந்தைய மூன்றாம் நாள் இவர்களில் பலருக்கு வீடு திடீரென்று பெரிதாகிவிடும். மிஞ்சின பட்சணத்தை ‘வீணாகிறதே’ என்று சோற்றுக்குப் பதில் சாப்பிடுவார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் போனோடு நிறுத்தாமல், அந்த மூன்றாம் நாளும் ஒரு போன் செய்யுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வர ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ அவர்கள் போனில் போட்டுவைத்துவிட்டு வாருங்கள்.

அந்த ஆசிரியை இந்த வருடம் தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பே வந்துவிட்டார். காலியான திண்ணையில் அவர் ஒருவர்தான். எடை சரியாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வேன் சொல்லியிருக்காங்க. நீர் மாத்திரையை நிறுத்தல. காலைல போடறதுக்குப் பதிலா வீட்டுக்கு வந்து மத்தியானம் போட்டுக்கலாமா?”

“தாராளமா. முறுக்கு?”

“அச்சைத் தூக்கி மருமககிட்ட குடுத்துட்டேன். சுத்தத் தெரியல, எல்லாம் கோணல். நான் நாற்காலியில உக்காந்து திட்டிக்கிட்டிருக்கேன்.”